பக்கத்து வசனம் பொல்லாதது

வாரும் மருமவனே, இரியும். அந்தக் கயித்துக் கட்டிலு ஒரு பக்கம் தாழ்ந்து கெடக்கு, இந்தப் பக்கமா இரியும். நேத்து வரைக்கும் உம்மை ‘ஏல’ன்னுதான் கூப்பிட்டுக்கிட்டுக் கெடந்தேன். புது வருச ஆராதனையில தேவசெய்தி நீருதான்னு ஐயரு அறிவிப்பு வாசிச்ச பொறவு நாக்கு கூசுது. பிரசங்க பீடம் ஏறப்போற ஆளு. இனிமே ‘நீரு’, ‘உமக்கு’தான். பொறுத்துக்கிடும்.

யோசனை கேட்டு வந்திருக்கீரு. நல்ல பிரசங்கியாருன்னு பேரெடுக்க வழி என்ன, அதானே? சொல்லுதேன். நான் ஒரு நாளும் அந்தப் பீடத்துல ஏறினவன் இல்ல. ஆனா கோவில்ல பாயில உக்காந்து, தூணுல முதுகைச் சாச்சு, எத்தனையோ பிரசங்கியாரைக் கரை சேத்தாச்சு. பிரசங்கம் பண்ணுதவனுக்குத் தெரியாத ஒரு கணக்கு கேக்குறவனுக்குத் தெரியும். எந்த வார்த்தைக்குச் சனம் ஆமென்னு சத்தம் போடும், எந்த இடத்துல பொம்பளையாளுக பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெளிய போவாவ, எந்த இடத்துல சபைச் செயலரு காணிக்கைக் கணக்கை மனசுல கூட்டிப் பாப்பாரு, எல்லாம் எனக்கு அத்துப்படி.

உமக்கு ஒரே ஒரு புத்திதான். வசனத்தை ஒத்தையாப் பிடியும். முன்னால ஒண்ணு இருக்கும், பின்னால ஒண்ணு இருக்கும். ரெண்டையும் எட்டிக்கூடப் பாக்காதீரும். பக்கத்து வசனம் பொல்லாதது. நீரு முக்கா மணி நேரம் கட்டின பிரசங்கத்தை அது ஒரு வரியில கவுத்திப்புடும். செமினாரியில வாத்தியாமாரு வேற சொல்லிக் குடுத்திருப்பாவ: யாரு சொன்னான், யாருக்குச் சொன்னான், என்ன நெருக்கடியில சொன்னான்னு. அதெல்லாம் பரீட்சைக்கு. பீடத்துக்கு ஆகாது. நம்பலன்னா ஒண்ணு ரெண்டு காட்டுதேன். ஏன் பாக்கக் கூடாதுன்னு தெரியணும்லா, அதுக்காக மட்டும் பாப்போம்.

நம்ம பஜாருக்குப் போயிப் பாரும். பலசரக்குக் கடை, செருப்புக் கடை, செல்போன் ரீசார்ஜ் கடை, எங்க பாத்தாலும் கல்லாப்பெட்டிக்கு மேல யோபு 8:7. ஆரம்பம் கொஞ்சமா இருந்தாலும் கடைசி ஓகோன்னு வரும்ங்கிற அர்த்தத்துல ஒரு வசனம் உண்டுமே, அதான். கடை திறப்பு ஜெபமா, அது. புது வீட்டுல பால் காய்ச்சுதாவளா, அது. மவன் ஆட்டோ எடுத்தானா, அதுக்கும் அது. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சொன்னது யாரு? ஆண்டவரா? யோபா? பில்தாத்து வே. சூகியனாகிய பில்தாத்து.

யோபு பத்துப் பிள்ளைகளை ஒரே நாள்ல பறிகுடுத்துட்டு, உடம்பெல்லாம் பருவோட, சாம்பல்ல உக்காந்து ஓட்டாஞ்சில்லால சுரண்டிக்கிட்டு இருக்கான். துட்டி கேக்க மூணு சேக்காளிமாரு வாரானுவ. ஏழு நாளு வாயே திறக்காம அவனோட தரையில உக்காந்தானுவ. அது வரைக்கும் நல்ல பயலுவதான். பேச ஆரம்பிச்சதும் பிடிச்சது வினை. பில்தாத்து முறை வருது. எட்டாம் அதிகாரம் நாலாம் வசனத்துல, உன் பிள்ளைங்க பாவம் பண்ணியிருப்பாவ, அதுக்குத் தக்கபடி போயிட்டாவங்கிற தோரணையில ஒரு போடு போடுதான். துட்டி வீட்டுல பேசுத பேச்சா அது? அதுக்கு மூணு வசனம் கீழதான் நம்ம கல்லாப்பெட்டி வசனம். நடுவுல ஒரு கொக்கி வேற: நீ யோக்கியனா இருந்தா. இப்பம் நீ யோக்கியன் இல்ல, அதான் இந்தக் கெதின்னு அர்த்தம். கடைசியில 42ஆம் அதிகாரத்துல ஆண்டவர் எலிப்பாசைக் கூப்பிட்டு, நீயும் உன் கூட்டாளி ரெண்டு பேரும் என்னையப் பத்திச் சரியாப் பேசலன்னு கண்டிச்சு, ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் பலி குடுக்கச் சொல்லிட்டாரு. ஆண்டவரே தள்ளுபடி பண்ணின வாக்குமூலத்துக்கு நம்மாளு கண்ணாடிச் சட்டம் போட்டு சீரியல் பல்பு மாட்டி வச்சிருக்கான்.

இதுல ஒரு குசும்பு என்னன்னா, அந்தப் பேச்சு பலிச்சும் போச்சு. 7,000 ஆடு வச்சிருந்த யோபுக்கு 14,000 ஆச்சு, 3,000 ஒட்டகம் 6,000 ஆச்சு. முடிவு பெரிசாத்தான் வந்துது. ஆனா பில்தாத்து போட்ட கணக்குல வரல. நல்லவனுக்கு லாபம், கெட்டவனுக்கு நட்டம்னு அவன் வச்சிருந்த வாய்ப்பாட்டை உடைச்சுப் போட்டுட்டுத்தான் ஆண்டவர் குடுத்தாரு. வேதத்துல இப்படி உண்டு. தப்பான ஆளு வாயில சரியான பேச்சு வந்து விழும். பிரதான ஆசாரியன் காய்பா, சனத்துக்காக ஒருத்தன் சாகது நல்லதுன்னு கணக்குப் பாத்துச் சொன்னான். அவன் நெனச்சது அரசியலு. யோவான் அதைத் தீர்க்கதரிசனம்னு எழுதி வச்சுட்டான். அதனால அந்த வசனத்தைக் கடையில மாட்டக் கூடாதுன்னு நான் சொல்லல. மாட்டுதவன் யோபு பட்ட பாட்டையும் கொஞ்சம் மாட்டி வைக்கணும். அதுக்குச் சுவத்துல இடம் பத்தாது. அதான் சொல்லுதேன், ஒத்தையா மாட்டும்.

மிஸ்பான்னு வீட்டுக்குப் பேரு வைக்காவல்லா? கூட்டம் முடியும்போது, நாம பிரிஞ்சு இருக்கையில ஆண்டவர் நம்மளைப் பாத்துக்கிடட்டும்னு உருக்கமாச் சொல்லி முடிக்கதும் உண்டு. ஆதியாகமம் 31. அது நம்ம ரெண்டு பேருக்கும் உள்ள சங்கதி வே, தாய்மாமனும் மருமவனும். லாபான் மாமன், யாக்கோபு மருமவன். இருவது வருசம் மாமன் ஏமாத்துனான். சம்பளத்தைப் பத்துத் தடவை மாத்தினான்னு யாக்கோபு புலம்புதான். மருமவனும் லேசுப்பட்ட ஆளு இல்ல, சொல்லாமக் கொள்ளாம ஆட்டையும் மாட்டையும் பொண்டாட்டிமாரையும் கிளப்பிக்கிட்டு ஓடுதான். மாமன் வீட்டுச் சாமி சிலையை மவ களவாண்டு ஒட்டகச் சேணத்துக்கு அடியில வச்சு அது மேல உக்காந்துக்கிட்டா. மாமன் விரட்டிக்கிட்டு வந்து பிடிச்சான். சண்டை முத்தி, கடைசியில கல்லைக் குமிச்சு, இதைத் தாண்டி நீ இந்தப் பக்கம் வராத, நான் அந்தப் பக்கம் வரலன்னு உடன்படிக்கை போட்டுக்கிட்டாவ. நான் பாக்காத நேரத்துல ஆண்டவர் உன்னைப் பாக்கட்டும்னா, திருட்டுத்தனம் பண்ணினா அவரு பாத்துக்கிட்டுத்தான் இருப்பாருன்னு அர்த்தம். மாமனும் மருமவனும் நம்பிக்கையத்துப் போயி வச்ச எல்லைக் கல்லு. அதை நாம பாசமாக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு ஆசீர்வாதமாச் சொல்லுதோம். உமக்கும் எனக்கும் நடுவுல அந்தக் கல்லு வேண்டாம், சும்மா சொன்னேன்.

இந்த வசனத்துக்கு எண்ணு போட்டவன் நல்லா இருப்பான். அவன் மட்டும் இல்லன்னா உம்ம தொழிலு நடக்காது. பவுல் கடுதாசி எழுதும்போது ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணு போட்டா எழுதினான்? அதிகாரம் பிரிச்சது 1200களின் தொடக்கத்துல ஸ்தேவான் லாங்டன். கேன்டர்பரிக்குப் பேராயரா இருந்த ஆளு. புதிய ஏற்பாட்டுக்கு இப்பம் இருக்கிற வசன எண்ணு ராபர்ட் எஸ்தியேன்னு ஒரு பிரெஞ்சு அச்சுக்காரன் 1551ல போட்டது. பாரிசுலருந்து லியோனுக்குக் குதிரையில போற பயணத்துல போட்டாருன்னு அவரு மவனே எழுதி வச்சிருக்கான். சில இடத்துல வாக்கியம் பாதியில வெட்டுப்பட்டுக் கெடக்கதைப் பாத்தா, அந்த இடத்துல குதிரை துள்ளியிருக்கும்னு நக்கல் அடிக்கவங்க உண்டு. சீகன்பால்கு ஐயரு தரங்கம்பாடியில 1715ல தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சாரு. இப்பம் நம்ம கையில இருக்கிறது பவர் ஐயரு கூட்டம் உக்காந்து திருத்தி 1871ல முழுசா வந்தது. இத்தனை பேரு உயிரைக் குடுத்து முழுப் புஸ்தகமாக் கையில குடுத்தா, நாம அதைக் கத்திரிச்சுச் சாப்பாட்டுத் தட்டுல வைக்கிற அளவுக்குச் சின்ன அட்டையாக்கிட்டோம்.

சரி, உம்ம நோட்டைக் காட்டும். எரேமியா 29:11. நெனச்சேன். புது வருசம்னா வேற எதைத் தொடுவீரு? 31ஆம் தேதி ராத்திரி ஆராதனை முடிஞ்சு, ஐயரு வாக்குத்தத்த அட்டையைப் பரப்பி வச்சு, சனம் வரிசையில வந்து கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு ஒண்ணா எடுக்கையில, பாதிப் பேருக்கு அதான் வரும். உங்களுக்கு நான் நெனச்சு வச்சிருக்கது நல்லதுதான், கெடுதி இல்லன்னு ஆண்டவர் சொல்லுத இடம். அதை எடுத்த பொம்பளை முகத்தைப் பாத்திருக்கீரா? மவனுக்கு விசா, மவளுக்கு மாப்பிள்ளை, புருசன் குடியை விடணும், எல்லாம் அந்த ஒத்தை அட்டையில தெரியும் அவளுக்கு. அந்த முகத்தை நான் கேலி பண்ண மாட்டேன் வே. என் கேலி எல்லாம் பீடத்துல நிக்கவனைத்தான்.

நீரு 11லயே நில்லும். 10க்குப் போயிராதீரும். அங்க எழுவது உக்காந்திருக்கு.

அது ஒரு கடுதாசி. கி.மு. 597ல நேபுகாத்நேச்சார் எருசலேமுக்கு வந்து, ராசா எகொனியாவையும் அவன் தாயையும், தச்சன், கொல்லன், பெரிய மனுசன்னு இருந்த எல்லாரையும் பாபிலோனுக்கு வாரிக்கிட்டுப் போயிட்டான். எரேமியா எருசலேம்லயே இருக்கான். பொறவு சிதேக்கியா ராசா பாபிலோனுக்கு ரெண்டு பேரை அனுப்புதான், எலெயாசா, கெமரியான்னு. அவங்க கையில எரேமியா இந்தக் கடுதாசியைக் குடுத்து விடுதான். போயிச் சேருது. ஊரை விட்டுக் கெடக்க சனம் கூடி நின்னு வாசிக்கு. என்ன எதிர்பாத்திருப்பாவ? மூட்டையைக் கட்டு, அடுத்த மாசம் ஊருக்குன்னுதானே. கடுதாசி என்ன சொல்லுது? வீட்டைக் கட்டு. தோட்டம் போடு, காய்க்கதைத் தின்னு. மவனுக்குப் பொண்ணெடு, மவளைக் கட்டிக் குடு. அவங்களும் பிள்ளை பெறட்டும். அதோட விட்டானா? உன்னைப் பிடிச்சிக்கிட்டுப் போனானே, அவன் ஊருக்காக ஜெபம் பண்ணு. அது நல்லா இருந்தாத்தான் நீ நல்லா இருப்பேங்கான். சங்கீதப் புஸ்தகத்துல பாபிலோனைச் சபிச்சுப் பாடின சனம் அது. அவங்களைப் பாத்து ஜெபம் பண்ணச் சொல்லுதான். பொறவு 10ஆம் வசனம்: எழுவது வருசம் முடியட்டும், அப்பம் உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வாரேன். அதுக்கு அப்புறம்தான் உம்ம 11. வாசிக்கையில முப்பது வயசு இருக்கிற ஆளுக்கு அது நிறைவேறும்போது நூறு வயசு.

முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒரு தீர்க்கதரிசி வாரான். கிபியோன் ஊருக்காரன். எனக்கு அவனை ரொம்பப் பிடிக்கும், சுத்தமான மேடைக்காரன். எரேமியா கழுத்துல மர நுகத்தை மாட்டிக்கிட்டு, பாபிலோனுக்கு அடங்கி இருங்கன்னு சொல்லிக்கிட்டு அலையுதான். அனனியா ஆலயத்துல எல்லாரு முன்னாலயும் அந்த நுகத்தைப் பிடுங்கி உடைச்சுப் போட்டு, ரெண்டே வருசம், ராசா திரும்பி வந்துருவான், ஆலயத்துப் பண்டபாத்திரம் எல்லாம் வந்துரும்னு முழங்குதான். சனத்துக்கு எப்படி இருந்திருக்கும்? நம்ம சேகரத்துல நடந்திருந்தா அனனியாவுக்கு அசனத்துல முதல் பந்தி, எரேமியாவுக்கு அண்டா கழுவுத வேலை. எரேமியா அந்த நேரத்துல சண்டை போடல பாரும். அனனியா பேசினதுக்கு அப்படியே நடக்கட்டும், ஆமென்னான்; நுகத்தை உடைச்ச பொறவு தன் வழியே போயிட்டான். அவனுக்கும் ஆசைதானே, தன் சனம் திரும்பி வரணும்னு. பொறவு ஆண்டவர் சொன்ன பொறவுதான் திரும்பி வந்து, மர நுகத்தை உடைச்சே, இனி இரும்பு நுகம்னு சொல்லுதான். ரெண்டு வருசம்னு சொன்ன அனனியா ரெண்டே மாசத்துல செத்துப் போனான். அஞ்சாம் மாசம் பேசினான், ஏழாம் மாசம் இல்ல. புஸ்தகத்துல தேதியோட கெடக்கு.

இப்பம் நீரு யோசியும். 10ஐ விட்டுட்டு 11ஐ மட்டும் எடுத்து, இந்த வருசமே விசா, இந்த வருசமே மாப்பிள்ளைன்னு பிரசங்கம் பண்ணினா, எரேமியா வசனத்தை வச்சு அனனியா பிரசங்கத்தைப் பண்ணுதீரு. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. பேரு நல்லா வரும். ஏழாம் மாசம் மட்டும் கொஞ்சம் சாக்கிரதையா இரும்.

கடுதாசி போன பொறவு நடந்ததுதான் எனக்கு ரொம்பச் சிரிப்பு. அதே அதிகாரம், 24க்கு மேல. பாபிலோன்ல இருந்த செமாயாங்கிறவன் இதை வாசிச்சுட்டுக் கொதிச்சுப் போயி, எருசலேம்ல இருக்கிற ஆசாரியன் செப்பனியாவுக்குப் பதில் கடுதாசி எழுதுதான். பைத்தியக்காரத் தீர்க்கதரிசியைத் தொழுவுல மாட்டத்தானே உம்மை வச்சிருக்கு, இந்த எரேமியாவை ஏன் இன்னும் சும்மா விட்டு வச்சிருக்கீருன்னு புகாரு. செப்பனியா அந்தப் புகாரை எரேமியாவுக்கே வாசிச்சுக் காட்டிட்டான். பிரசங்கம் பிடிக்கலன்னா மேலிடத்துக்கு மனு போடுத பழக்கம் நம்ம சேகரத்துல தொடங்கினதுன்னு நெனச்சிருந்தேன். பாபிலோன்லயே இருந்திருக்கு. செமாயாவாவது பேரு போட்டு எழுதினான். நம்மாளு மொட்டைக் கடுதாசில்லா எழுதுதான்.

உம்ம அத்தை ஒரு வருசம் இதே அட்டையை எடுத்தா. வீட்டுக்கு வந்ததும் பேத்தியைக் கூப்பிட்டு அந்த அதிகாரத்தை முழுசா வாசிக்கச் சொன்னா. அவளுக்கு அப்படி ஒரு பழக்கம். யாரு என்ன சொன்னாலும், முழுசாச் சொல்லு, அப்புறம் அழுவோமா சிரிப்போமான்னு பாப்போம்பா. பேத்தி வாசிச்சுது. எழுவது வருசம்னு வந்ததும் அவ சிரிச்சுட்டா. தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்னு சொல்லுவாவல்லா, இது பனை வசனம்னா. நமக்கு இல்ல, இந்தா வாசிக்காளே இவளுக்குன்னு பேத்தி தலையில அட்டையை வச்சா. செமினாரியில ஒரு வருசம் எரேமியா படிச்ச உமக்கு அது தோணிச்சா? எனக்கும் தோணல.

அந்த எழுவதை ஒழுங்கா வாசிச்ச ஆளு வேதத்துக்குள்ளயே ஒருத்தன் இருக்கான், தானியேல். பாபிலோனுக்குச் சின்னப் பையனாப் போயி அங்கயே கிழவனானவன். ஒன்பதாம் அதிகாரத்துல எரேமியாவின் புஸ்தகத்தை எடுத்து வச்சு, எழுவது வருசம்னு போட்டிருக்கதைக் கண்டுபிடிக்கான். நாம என்ன பண்ணுவோம்? அல்லேலூயா, நாள் வந்துட்டுன்னு போஸ்டர் அடிப்போம். அவன் சாக்கைக் கட்டி, சாம்பல்ல உக்காந்து, நாங்க பாவம் பண்ணினோம், எங்க ராசாமாரு பண்ணினாவ, எங்க தகப்பன்மாரு பண்ணினாவன்னு அழுதான். வாக்குத்தத்தத்தைப் படிச்சுட்டுப் பாவ அறிக்கை பண்ணின மனுசன். 11க்குப் பொறவு 12ம் 13ம், என்னைத் தேடுங்க, முழு மனசாத் தேடுங்கன்னுதானே போவுது. அவன் அது வரைக்கும் வாசிச்சிருக்கான்.

என்ன முறைக்கீரு? சொல்லும், மனசுல வச்சுக்கிடாதீரும். ஓகோ. ஆண்டவரே பாதி வசனத்துல நிறுத்தினாரே, அதுக்கு என்ன சொல்லுதீருன்னா? பலே. செமினாரிக்கு உம்ம அப்பன் கட்டின பீஸு வீணாப் போகல.

லூக்கா நாலு. நாசரேத்து. நம்ம பக்கத்துல இருக்கிற நாசரேத்து இல்ல வே, இயேசு வளர்ந்த ஊரு. ஜெப ஆலயத்துல ஏசாயா புஸ்தகத்தைக் குடுக்காவ. 61ஆம் அதிகாரம்னு இப்பம் நாம எண்ணு போட்டிருக்கிற இடத்தை எடுத்து வாசிக்காரு. ஏழைக்கு நற்செய்தி, சிறைப்பட்டவனுக்கு விடுதலை, ஆண்டவரோட தயவுள்ள வருசம். அங்க நிறுத்தி, புஸ்தகத்தைச் சுருட்டிக் குடுத்துட்டு உக்காந்துட்டாரு. அடுத்து வாரது ஆண்டவர் பழிவாங்குத நாளு. அதை வாசிக்கல. வெட்டினாரு, நீரு சொன்னது வாஸ்தவம். ஆனா எதை வெட்டினாரு பாரும். ரோமன் காலுக்குக் கீழ கெடந்த சனத்துக்கு எந்த வரி ரொம்ப இனிக்குமோ, அதை வெட்டினாரு. நீரு எதை வெட்டுதீரு? கசக்கதை. வெட்டு ஒண்ணுதான், கத்தி பிடிக்கிற பக்கம் வேற.

அதே அதிகாரத்துல கொஞ்சம் மேல இன்னொருத்தன் வேதத்தை வெட்டினான். எருசலேம் ஆலயத்து உச்சியில நின்னுக்கிட்டு, குதியும், தூதருங்க தாங்கிக்கிடுவாவன்னு எழுதியிருக்குல்லான்னு சங்கீதம் 91ஐ எடுத்துச் சொன்னான் சாத்தான். நம்ம வீட்டுல நிலைப்படிக்கு மேல மாட்டியிருக்க சங்கீதம்தான். உன் வழிகள்ல எல்லாம் உன்னைக் காக்கன்னு அங்க ஒரு துண்டு இருக்கு. நடக்க வேண்டிய வழியில நடக்கவனுக்குக் காவலுன்னு ஆவுதுல்லா, குதிக்கவனுக்கு எப்படி ஒத்து வரும்? அதை விழுங்கிட்டான். அவன் நிறுத்தின இடத்துக்கு அடுத்த வசனம் என்ன தெரியுமா? சிங்கத்தையும் பாம்பையும் மிதிப்பேங்கிறது. தன் தலையில கால் விழுத வசனம் வாரதுக்கு முன்னால நிறுத்திட்டான் பாரும், எவ்வளவு ஒழுங்கா வேதம் படிச்சிருக்கான்! பக்கத்து வசனம் பொல்லாததுன்னு நான் சொன்னேனே, அது நானாக் கண்டுபிடிச்சது இல்ல. அவன்கிட்டப் படிச்சது.

ஆண்டவர் அதுக்கு வேற ஒரு வசனத்தைத்தான் பதிலாச் சொன்னாரு, உபாகமம் ஆறுலருந்து, கடவுளைச் சோதிச்சுப் பாக்காதேன்னு. ஒரு வசனத்துக்குப் பக்கத்துல இன்னொண்ணைக் கொண்டாந்து நிறுத்தினா போலி தானா வெளுத்துரும். உம்ம மேசையில ஒத்துவாக்கிய பைபிள் கெடக்குல்லா, ஓரத்துல பொடி எழுத்துல எண்ணா அடிச்சிருப்பான். அது பூச்சிப் படம் இல்ல வே.

இனிமேத்தான் சங்கதி. நாசரேத்துல அவரு வாசிச்சு முடிச்சதும் சனம் முதல்ல சந்தோசப்பட்டுது, யோசேப்பு மவன் எப்படிப் பேசுதான் பாருன்னு. அதோட நிறுத்தியிருந்தா நல்ல பிரசங்கியாருன்னு பேரு வந்திருக்கும். நிறுத்தல. எலியா காலத்துப் பஞ்சத்துல இஸ்ரவேல்ல எத்தனையோ விதவை இருந்தாவ, அனுப்பினது சீதோன் நாட்டுச் சாறிபாத்துக்காரிகிட்ட. எலிசா காலத்துல எத்தனையோ குஷ்டரோகி இருந்தான், சுத்தமானது சீரியாக்காரன் நாகமான்னு எடுத்து வச்சாரு. அந்த நற்செய்தி உங்க வீட்டுக்கு மட்டும் வந்த அட்டை இல்லன்னு சொன்னாரு. அவ்வளவுதான். கோவில்ல இருந்த கூட்டம் எந்திரிச்சு, ஊருக்கு வெளிய மலை விளிம்புக்குத் தள்ளிக்கிட்டுப் போயி, தலைகீழாத் தள்ளப் பாத்துது. ஒரே அதிகாரத்துல ரெண்டு உச்சி, பாத்தீரா? மேல சாத்தான் குதிக்கச் சொன்னான்; கையை வச்சுத் தள்ளல. ஊருக்காரன், அதுவும் ஜெபம் பண்ண வந்தவன், தள்ளியே விடப் பாத்தான். குதிக்க மாட்டேன்னு நின்னவரு, தள்ள வந்தவங்களுக்கு நடுவுல சாதாரணமா நடந்து போயிட்டாரு. தூதரு தாங்கினாருன்னு லூக்கா எழுதல. ஆனா அந்தச் சங்கீதத்தை எனக்கு யாராவது விளக்கணும்னா, அந்த நடையைக் காட்டினாப் போதும். அவரு வழியில அவரு போனாரு.

எத்தியோப்பியா மந்திரி ஒருத்தன் காசாவுக்குப் போற பாதையில வண்டியில உக்காந்து ஏசாயாவை வாசிச்சுக்கிட்டுப் போனான். ராணி கந்தாகேயோட கஜானா முழுக்க அவன் பொறுப்பு. பிலிப்பு ஓடிப் போயி, வெளங்குதான்னு கேக்கான். நம்மாளுன்னா வெளங்குதுன்னு சொல்லியிருப்பான், மரியாதைக்கு. அவன், ஒருத்தன் சொல்லித் தராம எப்படின்னு கேட்டுட்டு, இதை யாரைப் பத்திச் சொல்லுதான், தன்னைப் பத்தியா வேற ஒருத்தரைப் பத்தியான்னு கேட்டான். அம்புட்டுத்தான் கேள்வி. நீரு மூணு வருசம் படிச்சதை அவன் வண்டி ஓட்டத்துல கேட்டுட்டான்.

பொழுது போச்சு. உம்ம அத்தை இருந்தா இந்நேரம் கருப்பட்டிக் காப்பி வந்திருக்கும், இப்பம் மருமவ வந்துதான் போடணும். உமக்கு என் புத்தி மாறல: 11லயே நில்லும், பேரு வரும், சன்மானக் கவரு கனக்கும். ஒருவேளை கை தவறி 10ஐயும் வாசிச்சுட்டீருன்னா சனம் ஒரு நிமிசம் அசையாம இருக்கும். பயப்படாதீரும். பின் வரிசையில மவனை வெளிநாட்டுக்கு அனுப்பிட்டுப் பத்து வருசமாக் காத்துக் கெடக்கவ ஒருத்தி நிமிந்து பாப்பா. அவளுக்கு அனனியா சொன்னது ஏற்கனவே நாலு தடவை பொய்யாப் போச்சு. அவளைப் பாத்துப் பேசிட்டு இறங்கி வந்துரும். செமாயா எழுதுததை எழுதட்டும்.

இன்னொண்ணு. வாக்குத்தத்த அட்டை அச்சாபீசுல இருக்குன்னீரே, இன்னும் ஓட்டலல்லா? புரூப்பு பாக்கப் போகையில யோபு 8:7 அட்டையில மட்டும், கீழ ஓரமா, பொடி எழுத்துல ‘சொன்னது பில்தாத்’னு சேத்து விடச் சொல்லும். ஐயரு கண்ணாடி போடாம அதை வாசிக்க மாட்டாரு. சபைச் செயலருக்கு அந்த அட்டை வந்துச்சுன்னா மட்டும் எனக்கு ஒரு பிள்ளையை ஓட விடும். நான் தூணுக்குப் பின்னாலதான் இருப்பேன்.